வெண்புள்ளியும் வினைப்பயனும்

ஒருவருடைய தோலில் நாலு இடத்தில் நிறம் போய்விட்டது என்றால், நம் நாட்டில் அவர் படும் கஷ்டத்தில் அந்தத் தோலினால் வருவது மிகவும் கொஞ்சமேயாகும். அந்தப் புள்ளி வலிப்பதில்லை; சீழ் வைப்பதில்லை; உயிரை வாங்குவதில்லை; மற்றவருக்குத் தொத்துவதுமில்லை. இருந்தும் அந்தப் புள்ளியுள்ள பெண்ணின் கல்யாணம் நின்று போகிறது. கல்யாணமான பிறகு தோன்றினாலோ தாய்வீட்டுக்கு மூட்டை கட்டி அனுப்பப்படுகிறாள். அவள் தங்கையைப் பார்க்க வருகிறவர்களும் வாசற்படியோடு திரும்பிப் போகிறார்கள். ஓட்டலில் அவர் கையால் பரிமாறினால் சாப்பிட மாட்டோம் என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளை விலகி உட்காருகிறது. இவையெல்லாம் தோல் வியாதியின் குணமா, அல்லது ஜனங்களின் புத்தியைப் பிடித்திருக்கிற வியாதியின் குணமா என்று கேட்கின்றோம்.

இந்தப் புத்தி தானாக முளைத்ததல்ல, கற்பிக்கப்பட்டதாகும். மனுதர்ம சாஸ்திரத்தின் 11-வது அத்தியாயத்தில், இன்ன பாவம் செய்தவனுக்கு இன்ன அங்கக்குறை என்று ஒரு ஜாப்தாவே போட்டிருக்கிறது. அதன்படி குதிரை திருடியவன் நொண்டியாவான். துணி திருடியவன் வெண்குஷ்டம் உடையவனாவான். உலகத்தில் 200 பேருக்கு ஒருவர் முதல் 50 பேருக்கு ஒருவர் வரையில் இந்த வெண்புள்ளி உடையவர்களாய் இருக்கிறார்கள். ஆப்பிரிக்கர், ஐரோப்பியர், சீனர், அராபியர் என்ற பேதமில்லாமல் எல்லா ஜனங்களிடத்திலும் இது உண்டு. அப்படியானால் மனுவின் பெயரையே கேள்விப்பட்டிராத இத்தனை கோடி ஜனங்களும் துணி திருடர்கள்தானா? ஐந்து வயதுப் பிள்ளைக்குப் புள்ளி வருகிறதே, அது எந்த ஜவுளிக்கடையில் நுழைந்தது? போன ஜன்மத்தில் என்பார்கள். சாட்சி இல்லை, விசாரணை இல்லை, குற்றவாளிக்குத் தன் குற்றம் இன்னதென்ற ஞாபகமும் இல்லை. தண்டனை மாத்திரம் இருக்கிறது என்றால், இதற்கு நீதி என்று பெயரிட யாருக்குத்தான் மனம் வரும்?

இந்த விஷயத்தில் மற்ற மதங்களும் சளைத்தவையல்ல. பைபிளின் லேவியராகமம் 13-வது அதிகாரத்தில், தோலில் வெள்ளை கண்டவனைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் வைத்தியனல்ல, ஆசாரியன். தீட்டு என்று அவன் சொல்லிவிட்டால் அந்த மனிதன் பாளையத்துக்குப் புறம்பே தனியாகக் குடியிருக்க வேண்டியதுதான். ஆக, தோலைப் பார்க்க வேண்டிய இடத்தில் வைத்தியனைத் தள்ளிவிட்டுப் புரோகிதன் உட்கார்ந்து கொண்டதே இத்தனை அவதிக்கும் மூலம் என்று சொல்லுவோம்.

நிற்க, "வெண்குஷ்டம்" என்ற பெயரே ஒரு பொய்யாகும். குஷ்டம் ஒரு கிருமியால் வருவது. அந்தக் கிருமியை 1873-ல் நார்வே தேசத்து ஹான்சன் என்பவர் கண்டுபிடித்தார். குஷ்டத்தின் தேமலில் உணர்ச்சி குறைந்துபோகும்; வெண்புள்ளியில் உணர்ச்சி சரியாகவே இருக்கும். வெண்புள்ளிக்குக் கிருமியே கிடையாது. அந்தக் குஷ்டமுங்கூட இன்று கூட்டு மருந்தினால் பூரணமாய்க் குணமாகிற வியாதியாகிவிட்டது. ஆகவேதான் குஷ்டத்தைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்று 1955-ம் வருஷத்து இந்து விவாகச் சட்டத்திலிருந்த விதி 2019-ல் எடுக்கப்பட்டது. குஷ்டமுடையவருக்கே சட்டம் நியாயம் செய்துவிட்ட பிறகு, குஷ்டமே இல்லாதவரைக் குஷ்டரோகி என்று பெயரிட்டு வீட்டை விட்டு விரட்டுவது எவ்வளவு அக்கிரமம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இதில் மற்றொரு வேடிக்கையும் இருக்கிறது. பெண் வேண்டுமென்று விளம்பரம் செய்கிறவர்கள் சிவப்பாயிருக்க வேண்டும், வெளுப்பாயிருக்க வேண்டும் என்கிறார்கள். வெளுப்பதற்காகக் கண்ட களிம்பையும் வாங்கி முகத்தில் பூசிக் கொள்ளுகிறார்கள். அப்படி வெள்ளைத் தோலைக் கும்பிடுகிற இதே ஜனங்கள், ஒரு பெண்ணின் தோல் தானாக வெளுத்தால் அவளை வீட்டை விட்டுத் துரத்துகிறார்கள். இதிலிருந்து இவர்களுக்குக் கறுப்பைப் பற்றியும் தெரியாது, வெள்ளையைப் பற்றியும் தெரியாது என்பதே ருஜுவாகிறது.

உண்மை என்னவென்று பார்ப்போம். நம் தோலில் நிறத்தை உண்டாக்குகிற அணுக்கள் இருக்கின்றன. உடம்பைக் காக்க வேண்டிய இரத்தத்தின் காவல் அணுக்கள், ஆள் தெரியாமல் இந்த நிற அணுக்களையே சத்துரு என்று நினைத்து அழித்து விடுகின்றன. காவற்காரன் வீட்டுக்காரனையே திருடன் என்று அடிப்பது போன்றதுதான் இது. பாலும் மீனும் சேர்த்துச் சாப்பிட்டதால் வந்தது என்பதற்கும், புளிப்பைத் தள்ளினால் போய்விடும் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. இதே தவறு தைராய்டு சுரப்பியிலும் நடக்கக்கூடுமாதலால், வெண்புள்ளி உள்ளவர்கள் அதைப் பரிசோதித்துக் கொள்ளுவது நல்லது.

இதற்குச் செய்ய வேண்டிய காரியங்கள் இரண்டு. ஒன்று, அடிக்கிற காவற்காரனை நிறுத்துவது. மற்றொன்று, போன நிறத்தைத் திரும்ப வரவழைப்பது. முன்னதற்கு ஸ்டீராய்டு மாத்திரை, பின்னதற்கு வெளிச்சம்.

வெளிச்ச வைத்தியம் என்றவுடன், "அதர்வ வேதத்திலேயே வெண்புள்ளிக்கு மூலிகை சொல்லியாகிவிட்டது" என்று நம் வைதிகர்கள் கிளம்பி விடுவார்கள். கார்போகரிசியை அரைத்துப் பூசி வெயிலில் காய்வது நம் நாட்டில் நெடுங்காலமாய் நடந்து வருகிறது என்பதை நாம் மறுக்கவில்லை. எகிப்திலும் நைல் நதிக்கரையில் முளைக்கிற ஒரு செடியை வைத்து இதையே செய்து வந்தார்கள். ஆனால் குணம் செடியில் இருந்ததேயொழிய மந்திரத்தில் இல்லை. 1947-ல் எகிப்திய ரசாயனக்காரர்கள் அச்செடியிலிருந்து சோரலென் வகைச் சத்தைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். கெய்ரோவில் எல் மொஃப்தி என்னும் டாக்டர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்து, வெயிலில் நிற்க வைத்து, ஆனதையும் ஆகாததையும் எழுதி வைத்தார். 1970-களில் வெயிலுக்குப் பதிலாக விளக்கு வந்தது. 1997-ல் ஆம்ஸ்டர்டாம் டாக்டர்கள், மாத்திரையே வேண்டாம், ஒரு மீட்டரை 100 கோடிப் பங்காக்கி அதில் 311 பங்கு அலைநீளமுள்ள ஊதாக்கடந்த ஒளி மாத்திரமே போதும் என்று காட்டினார்கள். பழைய மாத்திரை முறையில் குமட்டலும், கண்ணுக்குக் காவலும், நாள்பட்டால் தோலில் புற்று வருமோ என்ற பயமும் உண்டு. இதில் அவ்வளவு தொல்லை இல்லை. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்குங்கூடக் கொடுக்கிறார்கள். செடி தெரிந்தது போதும் என்று உட்கார்ந்திருந்தால் இதில் ஒன்றும் நடந்திருக்காது. ஏன், எவ்வளவு, எத்தனை பேருக்கு என்று கேட்டதனால் நடந்தது.

இனி மாத்திரை. ஸ்டீராய்டை மூட்டு வாதத்திற்கு மருந்தாக முதன்முதல் கொடுத்துப் பார்த்தது 1948-ல், அமெரிக்காவில். அதைத் தினமும் தின்றால் முகம் ஊதும், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு தேயும், பிள்ளைகளுக்கு வளர்ச்சி குன்றும். அப்படியானால் வெண்புள்ளிக்கு எப்படிக் கொடுப்பது? இதற்கு வழி கண்டவர்கள் நம் டில்லி அகில இந்திய வைத்திய ஸ்தாபனத்தைச் சேர்ந்த பஸ்ரிச்சா, கைத்தான் என்கிற டாக்டர்களாவார்கள். வாரத்தில் அடுத்தடுத்து இரண்டு நாள் மாத்திரம் 5 மில்லிகிராம் பீட்டாமெத்தசோன். மற்ற ஐந்து நாளும் ஒன்றுமில்லை. வேகமாய்ப் பரவிக் கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோருக்கு இதனால் பரவுவது நின்றது என்று 1993-ல் வெளியிட்டார்கள். இன்று உலகத்தில் பல நாட்டார் இம்முறையைக் கையாளுகிறார்கள். இது பரவுகிற நோயை நிறுத்துவதற்கே. நின்றுபோன பழைய புள்ளிக்கு இதைத் தின்று பிரயோசனமில்லை. மூன்று முதல் ஆறு மாதத்தோடு நிறுத்தப்பட வேண்டியதுமாகும்.

இதையெல்லாம் சொல்லுவதால் டாக்டரை ஒரு புதுச் சாமியாக்கிக் கும்பிடச் சொல்லுகிறோம் என்று யாரும் கருதக் கூடாது. சாமியாருக்கும் விஞ்ஞானத்திற்கும் உள்ள வித்தியாசமே, விஞ்ஞானம் தன் தோல்வியையும் எண்ணிச் சொல்லும் என்பதுதான். பல ஆராய்ச்சிகளை ஒன்று சேர்த்து 2017-ல் வெளியான கணக்குப்படி, இந்த விளக்கில் 6 மாதம் நின்றவர்களில் 100-க்குச் சுமார் 74 பேருக்குக் கால் பங்காவது நிறம் திரும்பியது. முக்கால் பங்குக்கு மேல் திரும்பியது 19 பேருக்கே. 12 மாதம் நின்றவர்களில் 36 பேருக்கு. முகத்திலும் கழுத்திலும் நன்றாய் வருகிறது. கைகால் விரல்களில் அநேகமாய் வருவதில்லை. காரணம், புதிய நிற அணுக்கள் மயிர்க்கால்களிலிருந்தே மேலே வருகின்றன. அதனால்தான் நிறம் முதலில் மயிரைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாய்த் தோன்றுகிறது. மயிரில்லாத விரல் நுனிக்கு அது எங்கிருந்து வரும்? வைத்தியத்தை நிறுத்திய பிறகு சிலருக்குத் திரும்பவும் வெளுக்கிறது என்பதும் உண்மையே.

இப்படி உள்ளதை உள்ளபடி சொல்லுகிறவனை விட்டுவிட்டு, "30 நாளில் வேரோடு குணம்" என்கிறவனிடம் ஜனங்கள் ஓடுகிறார்கள். அற்புத வைத்திய விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ம் வருஷத்துச் சட்டத்தின் பட்டியலில் குஷ்டமும் வெண்படையும் தனித்தனியாகவே இருக்கின்றன. இருந்தும் விளம்பரம் நின்றபாடில்லை. பெயர் சொல்லாத பொடியில் ஸ்டீராய்டைக் கலந்து மாதக் கணக்கில் தினமும் தின்னக் கொடுக்கிற புரட்டர்களும் இருக்கிறார்கள். ஆகையால் எந்த மருந்தானாலும், இதன் பெயர் என்ன, எவ்வளவு நாள், கெடுதல் என்ன என்று கேளுங்கள். பதில் சொல்லாதவன் வைத்தியனல்ல. டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டையும் அவரைக் கேளாமல் கூட்டவோ, கடையில் திரும்பத் திரும்ப வாங்கித் தின்னவோ, திடீரென்று நிறுத்தவோ கூடாது.

அரசாங்கத்தையும் ஒன்று கேட்கின்றோம். வாரத்திற்கு 2 அல்லது 3 தடவை விளக்கில் நிற்க வேண்டுமென்றால் வருஷத்திற்கு 100 முதல் 150 தடவை ஆகிறது. சில நிமிஷ வெளிச்சத்திற்காகக் கூலிக்காரப் பெண் ஒருத்தி 150 நாள் கூலியையும் பஸ் சார்ஜையும் இழக்க முடியுமா? விளக்கு பெரிய பட்டணத்து ஆஸ்பத்திரியில் மாத்திரம் இருந்தால் அது பட்டணத்தாருக்கும் பணக்காரருக்கும்தான் வைத்தியமாகும். தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் அதைக் கொண்டுவர வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் வரத்தக்க நேரத்தில் அதைத் திறந்து வைக்கவும் வேண்டும்.

கடைசியாக, வைத்தியம் செய்து கொள்ளுவது அவரவர் இஷ்டம். முதல் புள்ளியிலேயே போனால் பலன் அதிகம் என்பதால் சீக்கிரம் போங்கள் என்கிறோம். ஆனால் நிறம் திரும்பினால்தான் மனிதர், இல்லாவிட்டால் ஒதுக்க வேண்டியவர் என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. விளக்கு விரல் நுனியில் தோற்றுப் போகலாம். அந்த விரலைப் பிடித்துக் கல்யாணம் செய்து கொள்ளுவதற்கும், அந்த விரல் பரிமாறியதைச் சாப்பிடுவதற்கும் எந்த விளக்கும் தேவையில்லை. வேண்டியது அறிவு ஒன்றுதான். தோலின் வெள்ளை போக ஒரு வருஷம் ஆகலாம், போகாமலும் இருக்கலாம். புத்தியிலுள்ள இருட்டு போக அவ்வளவு காலம் வேண்டியதில்லை. இன்றைக்கே போக்கிக் கொள்ளலாம்.