நர்ஸ் உத்தியோகம்: ஏணியின் முதல் படி பதினோராம் வகுப்பில்

(அந்தமான் நிருபர்)

நர்ஸ் வேலை மரியாதையும் நிலையான சம்பளமும் உள்ள உத்தியோகம் என்பதில் இரண்டு கருத்து இல்லை. அந்தமானில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பத்தாவது தேறிய பெண் இருந்தால், "ப்ளஸ் டூ முடியட்டும், பிறகு நர்சிங்கில் சேர்த்துவிடலாம்" என்று பெற்றோர் சொல்வது வழக்கம். இந்தப் பேச்சில் ஒரு பிசகு இருக்கிறது. படிப்பில் சேருவது ப்ளஸ் டூவுக்குப் பிறகுதான். ஆனால் அந்த உத்தியோகத்தில் எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு உயரம் போகலாம் என்பது பதினோராம் வகுப்பில் எந்த குரூப் எடுக்கிறாள் என்பதிலேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது.

2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி இத்தீவுகளின் மக்கள் 3,80,581 பேர். அதில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 57,830 பேர். கட்டிட வேலை, துறைமுக வேலை, சிறு கடை, ஆபீஸ் குமாஸ்தா வேலை என்று பிழைக்கும் இவர்களுக்கு, பிள்ளை படித்துப் பெறும் ஒரு சர்க்கார் வேலை குடும்பத்தையே கரையேற்றும். ஆகவே இதை விவரமாகப் பார்ப்பது அவசியம்.

மூன்று வாசல்கள்

1947-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த விதிகளில் மூன்று வாசல்கள் உண்டு. (இந்தக் கவுன்சிலுக்குப் பதிலாக தேசிய கமிஷன் அமைக்க 2023-ல் பார்லிமெண்டு சட்டம் செய்தது.) முதல் வாசல் ஏ.என்.எம். என்னும் இரண்டு ஆண்டுப் படிப்பு. இரண்டாவது ஜி.என்.எம். என்னும் மூன்று ஆண்டு டிப்ளமோ. இவ்விரண்டிலும் ப்ளஸ் டூவில் எந்த குரூப் படித்தவரும் சேரலாம். மூன்றாவது பி.எஸ்ஸி. நர்சிங், நான்கு ஆண்டு. இதற்கு மட்டும் பௌதிகம், ரசாயனம், உயிரியல் மூன்றும் படித்து, 45 சதவீத மார்க்கும் இங்கிலீஷில் தேர்ச்சியும் பெற்றிருக்க வேண்டும். கணக்குப் பாடம் கட்டாயமில்லை.

வருஷக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சயின்ஸ் குரூப் படித்த பெண் நான்கு ஆண்டில் பட்டதாரி நர்ஸ். ஆர்ட்ஸ் படித்த பெண் ஜி.என்.எம். மூன்று ஆண்டு முடித்து, பதிவு செய்துகொண்டு, பிறகு 'போஸ்ட் பேசிக்' பி.எஸ்ஸி. இரண்டு ஆண்டு படித்தால் மொத்தம் ஐந்து. ஏ.என்.எம்.மில் தொடங்கியவர் அதன்மேல் ஜி.என்.எம்., அதன்மேல் போஸ்ட் பேசிக் என்று ஏறினால் ஏழு ஆண்டு. கதவு யாருக்கும் சாத்தப்படவில்லை. சுற்றுவழிதான் நீளம். இடையில் கல்யாணம், குழந்தை, குடும்பக் கடன் என்று வந்துவிட்டால் அந்த நீளமே தடையாகிவிடும்.

சம்பளம் ஒன்று, எதிர்காலம் வேறு

"டிப்ளமோவுக்கும் பட்டத்துக்கும் ஒரே சம்பளம்தானே?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. நமது தீவில் ரயில் ஓடாவிட்டாலும் ரயில்வே வேலைக்கு இங்குள்ளவர்களும் மனுப்போடலாம். 2024-ல் வந்த ரயில்வே தேர்வு வாரிய அறிவிப்பில் நர்சிங் சூப்பரிண்டெண்ட் பதவிக்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். அதற்கு ஜி.என்.எம். போதும், பி.எஸ்ஸி.யும் போதும். அதே ரயில்வேயில் ப்ளஸ் டூ தகுதியில் சேரும் ஜூனியர் கிளார்க்குக்கு அதே சம்பளக் கமிஷன் விகிதப்படி ஆரம்பம் 19,900 ரூபாய்தான். குமாஸ்தா வேலைக்கும் நர்ஸ் வேலைக்கும் உள்ள தூரம் இதில் தெரியும்.

வித்தியாசம் அதற்குப் பிறகு வருகிறது. எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகளின் நர்சிங் ஆபீசர் பரீட்சைக்கு பி.எஸ்ஸி. படித்தவர் பதிவு செய்த உடனே எழுதலாம். ஜி.என்.எம். படித்தவர் 50 படுக்கையாவது உள்ள ஆஸ்பத்திரியில் இரண்டு ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். எம்.எஸ்ஸி. நர்சிங் படிக்கவும், நர்சிங் கல்லூரியில் விரிவுரையாளராகவும் பட்டம் வேண்டும். தீவிர சிகிச்சைக்கென 2017-ல் கொண்டுவந்த 'நர்ஸ் பிராக்டிஷனர்' மேற்படிப்பும் பட்டதாரிகளுக்கே. டிப்ளமோ வேலைக்குள் சேர்த்துவிடும். மேலே ஏற்றிவிடுவது பட்டம்.

விஞ்ஞானம் எதற்கு?

ஊசி போடவும் கட்டுக் கட்டவும் ரசாயனம் எதற்கு என்று நினைப்பவர்கள் உண்டு. ஓர் உதாரணம் போதும். 500 மில்லி திரவத்தை எட்டு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் எழுதுகிறார். டியூபில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. மொத்தம் 10,000 சொட்டு, 480 நிமிஷம். நிமிஷத்துக்கு 21 சொட்டு என்று நர்ஸ் கணக்கிட்டு வைக்க வேண்டும். வேகம் கூடினால் இருதய நோயாளிக்கு மூச்சு முட்டும். ஏன் முட்டுகிறது என்று சொல்வது உடல் இயங்கியல். கொதித்த தண்ணீரில் போட்ட கத்தரி ஏன் போதாது என்று சொல்வது கிருமியியல். போஸ்ட் பேசிக் வகுப்பிலும் கிருமியியல், உயிர் ரசாயனம், உணவியல் எல்லாம் மறுபடி வருகின்றன. ப்ளஸ் டூவில் அஸ்திவாரம் போட்டவருக்கு இது பழகிய பாடம். போடாதவருக்கு முப்பது வயதில் புதுப்பாடம், அதுவும் இங்கிலீஷில்.

அனுபவம் போதாதா?

அனுபவமும் தொண்டும் பெரியவை. இந்தத் தீவிலேயே சான்று உண்டு. ஏ.என்.எம். நர்ஸான சாந்தி தெரசா லாக்ரா லிட்டில் அந்தமானில் டுகாங் கிரீக் என்ற இடத்தில் ஓங்கி பழங்குடியினரிடையே பணியாற்றியவர். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி அடித்தபோதும் அவர்களை விட்டுப் போகவில்லை. 2011-ல் பத்மஸ்ரீ பெற்றார். ஏ.என்.எம். படிப்பு தாழ்ந்தது என்று யாரும் சொல்ல முடியாது என்பதற்கு அவரே ஆதாரம். ஆனால் பாராட்டு வேறு, பதவி உயர்வு விதி வேறு. விதிப் புத்தகம் சர்டிபிகேட்டைத்தான் கேட்கும்.

வேலையில் இருப்பவர்களுக்கு

ஜி.என்.எம். முடித்து வேலையில் இருப்பவர்களுக்கு இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1994 முதல் போஸ்ட் பேசிக் பட்டத்தை மூன்று ஆண்டுப் படிப்பாக நடத்தி வருகிறது. ப்ளஸ் டூவும் ஜி.என்.எம்.மும் முடித்து இரண்டு ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். நுழைவுத் தேர்வு உண்டு. இப்பல்கலைக்கழகத்தின் வட்டார மையம் நமது தலைநகரில் இருக்கிறது. செய்முறைப் பயிற்சி எந்த ஊரில் என்பதை மனுப்போடும் முன் அங்கே கேட்டறிவது நல்லது. உள்ளூர்ப் பள்ளியில் சயின்ஸ் குரூப் கிடைக்காத மாணவிகள் தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் அப்பாடங்களை எழுதலாம். பி.எஸ்ஸி. சேர்க்கைக்கு கவுன்சில் அதை ஏற்கிறது. ஆண் பிள்ளைகளும் இப்படிப்பில் சேரலாம் என்பதை மறக்க வேண்டாம்.

நிர்வாகம் செய்ய வேண்டியது

சென்னைக்குக் கப்பலில் மூன்று நாள். வேலையில் இருக்கும் நர்ஸ் பட்டப் படிப்புக்காக இரண்டு ஆண்டு கடல் தாண்டிப் போவது சுலபமல்ல. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் 2015 முதல் மருத்துவக் கல்லூரி நடக்கிறது. 2014-க்குப் பின் எழுந்த மருத்துவக் கல்லூரிகளை ஒட்டி 157 நர்சிங் கல்லூரிகள் அமைக்க 2023 ஏப்ரலில் மத்திய மந்திரிசபை முடிவு செய்தது. அதன் பலன் நமது தீவு நர்ஸுகளுக்கு முழுமையாகக் கிடைக்க வேண்டுமானால், ப்ளஸ் டூ முடித்தவருக்குப் போலவே பணியில் உள்ள நர்ஸுக்கும் உள்ளூரிலேயே பட்டப் படிப்பு இடம் வேண்டும். சம்பளத்தோடு படிப்பு லீவும், அவர் இடத்தில் பதிலாளும் வேண்டும். கார் நிக்கோபாரிலோ மாயாபந்தரிலோ ஒருவர் படிக்கப் போனால் அந்த வார்டு காலியாகக் கூடாதல்லவா?

ஒரு எச்சரிக்கை. "ஆறு மாதத்தில் நர்ஸ்", "சேர்ந்தால் போதும், சர்டிபிகேட் நிச்சயம்" என்று சொல்லும் புரோக்கர்களிடம் முன்பணம் கொடுத்துவிட வேண்டாம். கல்லூரியின் பெயர் நர்சிங் கவுன்சில் பட்டியலில் இருக்கிறதா, முடித்தபின் எந்த மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்வார்கள் என்ற இரண்டு கேள்விகளை முதலில் கேளுங்கள். பதிவில்லாத சர்டிபிகேட்டுக்கு சர்க்கார் ஆஸ்பத்திரியில் மதிப்பில்லை.

பத்தாவது ரிசல்ட் வந்த வாரத்தில் பெரும்பாலான வீடுகளில் குரூப் தேர்வு அவசரத்தில் நடக்கிறது. தோழி எடுத்த குரூப், பக்கத்தில் உள்ள பள்ளி, சுலபமான பாடம் என்று முடிவாகிவிடுகிறது. பெண்ணுக்கு நர்ஸாக ஆசை இருந்தால், அந்த வாரத்தில் தகப்பனார் ஒருநாள் லீவு போட்டுப் பள்ளிக்குப் போய் விசாரிக்கட்டும். ஒருநாள் சம்பளம் போகலாம். பெண்ணுக்குச் சில வருஷம் மிஞ்சும்.