இரண்டு சுரங்களுக்கு நடுவே

மரக்காணம் உப்பளத்து ஓரத்தில் குடியிருப்பவனுக்கு ஒரு வேலை கூடுதல்: வாசித்து முடித்ததும் கீபோர்டைத் துடைத்துத் துணி போர்த்த வேண்டும். ஒரு மழைக்காலம் அசட்டையாக இருந்ததில் என் யுஎஸ்பி முனையில் பச்சை பூத்துவிட்டது. என்னுடையது போல, கணினியோடு இணைத்து வாசிக்கும் கீபோர்டு, அதாவது மிடி கன்ட்ரோலர், வாங்கப்போகும் பிள்ளைகள், “கூட எத்தனை சவுண்டு இலவசமா வருது அண்ணே?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதைப் பார்த்து வாங்காதீர்கள். அந்தத் தொகுப்புகளில் இந்தியா என்றால் பெரும்பாலும் சிதாரும் தபலாவும்தான். நாகஸ்வரம், தவில் தேடிக் களைத்துப்போவீர்கள். சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தைப் பாருங்கள். தோடி ராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கும். விசை சுரத்தைக் கொடுக்கும், அசைவைக் கொடுக்காது. அந்த அசைவு, சக்கரத்தைத் தள்ளும் இடது கைக் கட்டைவிரலில் இருக்கிறது. வழக்கமாக அந்தச் சக்கரம் மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம் போகும். காந்தாரத்துக்கு அதுவே போதும். ஆனால் சில சின்னக் கன்ட்ரோலர்களில் சக்கரத்துக்குப் பதில் இரண்டு பொத்தான் வைத்திருக்கிறார்கள். அதில் இந்த அசைவை, அதாவது கமகத்தை, பிடிக்க முடியாது. ஏ.ஆர்.ரஹ்மான், விசையே இல்லாமல் விரல் வழுக்கி ஓடும் கன்டினுவம் பலகையை வாசிப்பது இந்த அசைவுக்காகத்தான் என்று நினைக்கிறேன். கடைக்குப் போனால் சக்கரத்தைத் தள்ளி விட்டுப் பாருங்கள். ஸ்பிரிங் துள்ளாமல் நடுவுக்குத் திரும்பினால் வாங்கலாம்.