காலேஜ் டைம்ல ஒரு தடவை... பைலட் மெடிக்கல்ல சொல்லணுமா? டிஜிசிஏ விதிகள் சொல்வது என்ன?

பரந்தூரில் புதிய விமான நிலையத் திட்டம், வல்லம் வடகாலில் சிப்காட் ஏரோஸ்பேஸ் பார்க் என, கார்களுக்கும் செல்போன்களுக்கும் பேர் போன ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பெல்ட்டில் இப்போது விமானப் பேச்சும் சேர்ந்துகொண்டிருக்கிறது. பைலட் ஆக நினைப்பவர்கள் தாண்ட வேண்டிய முதல் கதவு மெடிக்கல் சான்றிதழ். அந்தப் படிவத்தில் பலரையும் தயங்க வைப்பது, ‘போதைப்பொருள் பயன்படுத்திய வரலாறு உண்டா?’ என்ற கேள்வி. என்றோ ஒரு நாள் ஹாஸ்டலில் நண்பர்களோடு கஞ்சா பிடித்தவர் அங்கே என்ன எழுதுவது?

கம்பெனி மெடிக்கல் மாதிரிதானே இதுவும்?

இல்லை. தொழிற்சாலை வேலைக்குச் சேரும்போது எடுக்கும் மெடிக்கல் பெரும்பாலும் ஒரு சடங்கு. எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று டிக் அடித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடலாம். பைலட் விஷயம் வேறு. மாணவர் உரிமத்துக்கு இரண்டாம் வகுப்பு மெடிக்கல், வணிக விமானி உரிமத்துக்கு முதல் வகுப்பு மெடிக்கல் தேவை. முதல் வகுப்புச் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதனால் இன்று எழுதும் பதில், வேலையில் இருக்கும் வரை உங்கள் ஃபைலில் இருக்கும்.

எதெல்லாம் கணக்கில் வரும்?

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ வகுத்த தரங்களைத்தான் இந்தியாவும் பின்பற்றுகிறது. அதன் பட்டியலில் மது, ஓபியாய்டுகள், கஞ்சா, தூக்க மருந்துகள், கோகெய்ன், மாயத்தோற்றம் தரும் பொருட்கள், முகர்ந்து போதை ஏற்றும் கரைப்பான்கள் எல்லாம் உண்டு. காபியும் புகையிலையும் இதில் வராது. மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கிப் போடும் தூக்க மாத்திரையும், கோடீன் கலந்த இருமல் சிரப்பும் இந்த வட்டத்துக்குள் வந்துவிடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

ஒரு தடவை என்றாலே கனவு காலியா?

அப்படி விதி சொல்லவில்லை. போதைப்பொருளால் வந்த மனநலக் கோளாறு, அதைச் சார்ந்தே வாழும் அடிமை நிலை ஆகியவை பாதுகாப்பாக விமானம் ஓட்டுவதைப் பாதிக்குமா என்பதைத்தான் ஐசிஏஓ தரம் பார்க்கிறது. என்றோ ஒருமுறை தொட்டதும் அடிமை நிலையும் ஒன்றில்லை. எப்போது, எவ்வளவு நாள், சிகிச்சை எடுத்தீர்களா, நிறுத்தி எவ்வளவு காலம் ஆகிறது என்பதை மருத்துவர் கேட்பார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரின் அறிக்கையும் கேட்கப்படும்.

டெஸ்ட்ல தெரியாதுன்னா, மறைச்சா என்ன?

சிறுநீர்ப் பரிசோதனை சமீப காலத்தைத்தான் காட்டும். ஒருமுறை எடுத்த கஞ்சா சில நாட்களில் மறைந்துவிடலாம். தொடர்ந்து எடுத்தவருக்கு வாரக்கணக்கில் தெரியலாம். ஆனால் படிவம் கேட்பது உங்கள் கடந்த காலத்தை. பொய்யான தகவல் தந்தால் அதை உரிமம் வழங்கும் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது ஐசிஏஓ. ஒரு பழைய மருத்துவமனைச் சீட்டோ, போலீஸ் வழக்கோ பின்னாளில் வெளியே வந்தால், தகவலை மறைத்து வாங்கிய உரிமம் என்ற சிக்கல் வரும். பல லட்சம் கடன் வாங்கிப் படித்து, வேலையிலும் சேர்ந்த பிறகு அது வந்தால் அடி இன்னும் பலமாக இருக்கும்.

வேலையில் சேர்ந்த பிறகு?

2022 ஜனவரி 31 முதல் டிஜிசிஏவின் புதிய நடைமுறை அமலில் இருக்கிறது. விமான நிறுவனங்கள் ஆண்டுதோறும் குறைந்தது 10 சதவீத விமானிகளை முன்னறிவிப்பின்றிப் பரிசோதிக்க வேண்டும். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கும் இதே விதிதான். பயிற்சிப் பள்ளியில் சேரும் மாணவர்களுக்கும் பரிசோதனை உண்டு. முதல்முறை சிக்கினால் மறுவாழ்வு சிகிச்சை. குணமாகி, பரிசோதனையிலும் தேறினால் திரும்ப வரலாம். இரண்டாவது முறை என்றால் 3 ஆண்டுகள் உரிமம் நிறுத்தம். மூன்றாவது முறை உரிமம் ரத்து.

சிக்கல் இங்கேதான். பணியில் இருந்து பிடிபடும் விமானிக்குத் திரும்பி வரும் பாதை படிப்படியாக எழுதப்பட்டிருக்கிறது. தானாகவே உண்மையைச் சொல்ல வரும் 18 வயது விண்ணப்பதாரருக்கோ, எல்லாம் மருத்துவரின் தனிப்பட்ட மதிப்பீட்டில் முடிகிறது. என்ன ஆகும் என்று தெரியாததால்தான் ‘வாயைத் திறக்காதே’ என்ற அறிவுரை செல்லுபடியாகிறது.

மௌனத்தின் விலை

2023 அக்டோபர் 22 அன்று அமெரிக்காவில் காக்பிட்டின் கூடுதல் இருக்கையில் பயணித்த, பணியில் இல்லாத விமானி ஒருவர், நடுவானில் இன்ஜின்களை நிறுத்த முயன்றார். மன அழுத்தத்துக்குச் சிகிச்சை பெறாமல் இருந்ததும், இரு நாட்களுக்கு முன் போதைக் காளான் சாப்பிட்டதும் விசாரணையில் வெளிவந்தன. அதன் பிறகு அந்நாட்டு விமானத் துறை அமைத்த குழு, 2024 ஏப்ரலில் 24 பரிந்துரைகளைத் தந்தது. விமானிகள் பயமில்லாமல் உண்மையைச் சொல்ல வழி செய்ய வேண்டும் என்பதே அதன் மையம்.

சொன்னால் போலீஸ் வருமா?

இந்தப் பயம் நியாயமானதுதான். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் பயன்படுத்துவதும் குற்றம். பொருளைப் பொறுத்து 6 மாதம் அல்லது ஓராண்டு வரை சிறை. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, அடிமைப் பழக்கத்துக்குத் தானே முன்வந்து சிகிச்சை பெறுபவருக்கு நிபந்தனையுடன் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. மனநல சிகிச்சை விவரங்களுக்கு 2017 மனநலச் சட்டத்தில் ரகசியக் காப்பு உண்டு.

இப்போ என்ன செய்யலாம்?

பயிற்சிக் கட்டணம் கட்டும் முன்பே முதல் வகுப்பு மெடிக்கலை முடித்துவிடுங்கள். பழைய சிகிச்சைச் சீட்டுகள் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். சந்தேகம் இருந்தால், படிவத்தை நிரப்பும் முன் விமான மருத்துவம் தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் பேசுங்கள். பழக்கம் இன்னும் விடவில்லை என்றால், விண்ணப்பம் காத்திருக்கட்டும். போதை மறுவாழ்வுக்கான தேசிய இலவச உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கு டெலிமானஸ் 14416.