குற்றவாளி ஏசி அல்ல

துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்து இறங்கிய மூன்றாம் நாள் தொண்டை கட்டிக்கொள்கிறது. மூக்கு ஒழுகுகிறது, உடம்பு கொதிக்கிறது. வீட்டில் யாரைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: “ஃப்ளைட்டுல ஏசி ஓவரா இருந்திருக்கும். தலையில நீர் கோத்துக்கிச்சு.” அடுத்த பயணத்துக்குக் கைப்பையில் மப்ளரும் காதுக்குப் பஞ்சும் கோடாலித் தைலமும் ஏறிவிடுகின்றன. இருக்கையில் உட்கார்ந்ததும் கை மேலே போகிறது. தலைக்கு மேலுள்ள காற்றுத் துளையைத் திருகி மூடிய பிறகுதான் பெல்ட்டையே மாட்டுகிறோம்.

படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு இதில் இல்லை. டாக்டர்கள் இருக்கும் வீடுகளிலும் இதே பேச்சைக் கேட்கலாம். இந்த நம்பிக்கை தவறு, அதிலும் ஆபத்தான தவறு. விமானத்துக்குள் நம்மைக் காக்கும் முக்கியமான ஏற்பாட்டையே நாம் பகையாக நினைக்கிறோம். அந்த ஏற்பாடு நின்றுபோகும் நேரத்தில், குளிர் விட்டதே என்று நிம்மதியாக மூச்சு வாங்குகிறோம்.

முதலில் குளிரின் கணக்கைத் தீர்த்துவிடலாம். சளியும் ஃப்ளூவும் வைரஸால் வருபவை. வைரஸ் இல்லாத இடத்தில் எவ்வளவு குளிர் அடித்தாலும் அவை வராது. இதை மனிதர்களை வைத்தே சோதித்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் சால்ஸ்பரியில் 1946 முதல் 1990 வரை சளியை ஆராய்வதற்கென்றே ஒரு நிலையம் இயங்கியது. அங்கே கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ் என்ற வைரஸ் அறிஞர், தன்னார்வலர்கள் சிலரைக் குளிக்கவைத்து, ஈரம் துவட்டாமல் காற்று வீசும் நடைவழியில் நடுங்க நிற்க வைத்தார். வெறுமனே நடுங்கியவர்களுக்குச் சளி பிடிக்கவில்லை. 1968-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ரைனோ வைரஸ் கொடுக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினரைக் கடுங்குளிரில் வைத்துப் பார்த்தார்கள். குளிரில் இருந்தவர்களுக்கு நோய் கூடுதலாக வந்ததாகத் தெரியவில்லை.

மறுபக்கத்துக்கும் ஒரு சாட்சி உண்டு, அதை மறைப்பது நியாயமாகாது. 2005-ல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 90 பேர் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் கால் வைத்திருந்தார்கள். அடுத்த நான்கைந்து நாளில் அவர்களில் 13 பேர் சளி என்றார்கள். காலிப் பாத்திரத்தில் கால் வைத்த 90 பேரில் 5 பேர்தான் அப்படிச் சொன்னார்கள். குளிரில் மூக்கின் ரத்தநாளங்கள் சுருங்கி, முன்பே ஒளிந்திருந்த வைரஸ் தலைதூக்கியிருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்கள் தந்த விளக்கம். அப்படியே ஏற்றுக்கொள்வோம். அப்போதும் வைரஸ் முன்கூட்டியே மூக்குக்குள் வந்திருக்க வேண்டும். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் குளிரிடம் பதில் இல்லை.

பிறகு ஏன் இந்த நம்பிக்கை இவ்வளவு உறுதியாக நிற்கிறது? விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். அதனால் தொண்டை வறளும், உதடு வெடிக்கும், மூக்கு எரியும். இவை அங்கேயே, அப்போதே தெரிகின்றன. வைரஸோ உள்ளே நுழையும்போது எந்த அடையாளமும் காட்டாது. ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும். அதற்குள் நாம் வறட்சியையும் சளியையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டிருப்போம்.

இன்னொரு காரணம் நம் வீட்டு ஏசி. வீட்டிலும் அலுவலகத்திலும் சுவரில் மாட்டியிருக்கும் ஸ்ப்ளிட் ஏசி, அறைக்குள் இருக்கும் காற்றையே உறிஞ்சிக் குளிர்வித்துத் திருப்பி ஊதுகிறது. வெளிக்காற்றைக் கொண்டுவருவது அதன் வேலையே இல்லை. அதே எண்ணத்தோடு விமானத்தில் ஏறுகிறோம். ஆனால் விமானத்தின் அமைப்பு வேறு. வெளியே உறைபனியைவிடக் குளிர்ந்திருக்கும் காற்று எஞ்சினுக்குள் அழுத்தப்பட்டுச் சூடாகிறது. பிறகு அதைத் தணித்து உள்ளே அனுப்புகிறார்கள். (போயிங் 787 மட்டும் இதற்கு எஞ்சினை நம்பாமல் தனி மின் அமுக்கிகளைப் பயன்படுத்துகிறது.) பெரும்பாலான பெரிய விமானங்களில் உள்ளே வரும் காற்றில் ஏறக்குறையப் பாதி இப்படி வெளியிலிருந்து வருவது. மீதிப் பாதி உள்ளிருந்தே எடுத்து, ஹெப்பா வடிகட்டி வழியாகச் செலுத்தப்படுவது. பிடிப்பதற்கு மிகக் கடினமான 0.3 மைக்ரான் துகள்களில்கூட 99.97 சதவீதத்தை அந்த வடிகட்டி பிடித்துவிடும். வைரஸ் அதைவிடச் சிறியதாயிற்றே, தப்பிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. தப்பாது. மிகச் சிறிய துகள்கள் நேர்கோட்டில் போகாமல் தாறுமாறாக அலைவதால் இழைகளில் இன்னும் எளிதாக மோதி ஒட்டிக்கொள்கின்றன. பறக்கும் விமானத்தில் இப்படி மணிக்கு 20 முதல் 30 முறை காற்று மாறுகிறது. நம்முடைய கல்யாண மண்டபத்திலோ ஏசி பஸ்ஸிலோ இதில் கால் பங்கைக்கூட எதிர்பார்க்க முடியாது.

சுழன்று வரும் அந்தப் பாதிக் காற்றுதான் நோயைப் பரப்புகிறது என்ற சந்தேகத்தையும் சோதித்துவிட்டார்கள். சான் பிரான்சிஸ்கோ பகுதியிலிருந்து டென்வருக்குப் போன சுமார் 1,100 பயணிகளை ஒரு வாரம் கழித்து விசாரித்த ஆய்வு 2002-ல் வெளிவந்தது. சிலர் முழுக்க வெளிக்காற்றில் இயங்கிய விமானத்திலும், சிலர் பாதி சுழற்சிக் காற்றில் இயங்கிய விமானத்திலும் போனவர்கள். இரண்டு பக்கத்திலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சளி பிடித்திருந்தது. வேறுபாடு இல்லை.

இந்த விவாதத்தைத் தீர்த்துவைக்க என்னைக் கேட்டால் நான் காட்டுவது 1977-ல் அலாஸ்காவில் நடந்ததைத்தான். ஹோமர் என்ற ஊரில் 54 பேரோடு கிளம்ப முயன்ற ஜெட் விமானத்தின் எஞ்சின் பழுதானது. சரிசெய்ய மூன்று மணி நேரம் ஆயிற்று. பயணிகளில் பெரும்பாலோர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு ஃப்ளூ. அந்த மூன்று மணி நேரமும் விமானத்தின் காற்றோட்ட அமைப்பு இயங்கவில்லை. அடுத்த 72 மணி நேரத்தில் பயணிகளில் 72 சதவீதம் பேர் இருமலும் காய்ச்சலும் உடல்வலியுமாகப் படுத்தார்கள். உள்ளே அதிக நேரம் இருந்தவர்களுக்கு அதிகமாகவும், இடையில் இறங்கிப் போனவர்களுக்குக் குறைவாகவும் நோய் வந்திருந்தது. இன்ஃப்ளுயன்சா வைரஸை ஆய்வகத்திலும் கண்டுபிடித்தார்கள்.

யார் மீதும் ஏசி காற்று வீசாத அந்த மூன்று மணி நேரம்தான் கிட்டத்தட்ட முக்கால்வாசிப் பேரைச் சாய்த்தது. துளையைத் திருகி மூடும் ஒவ்வொருவரும் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

2020 செப்டம்பரில் இதன் சாயல் மறுபடி தெரிந்தது. துபாயிலிருந்து ஆக்லாந்துக்குப் போன விமானம் எரிபொருள் நிரப்பக் கோலாலம்பூரில் நின்றது. காற்றோட்டத்தை இயக்கும் துணை எஞ்சின் அங்கே சுமார் 30 நிமிடம் அணைந்திருந்தது. 86 பயணிகளில் ஏழு பேருக்குப் பின்னர் கொரோனா உறுதியானது. ஏழு பேரும் நான்கு வரிசைகளுக்குள் உட்கார்ந்தவர்கள். சிலராவது பயணத்தின்போதே தொற்றுக்கு ஆளாகியிருக்க வேண்டும் என்பதை வைரஸின் மரபணு வரிசையை ஒப்பிட்டு நியூசிலாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த 30 நிமிடம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் அதைக் குறித்துவைத்ததில் பொருள் உண்டு.

இந்த இடத்தில் விமான நிறுவனங்கள் மகிழ்ந்து கைதட்டக்கூடும். ஏசி நல்லது, வடிகட்டி அருமை, எங்கள் காற்று ஆபரேஷன் தியேட்டர் காற்றுபோலச் சுத்தம் என்று அவை விளம்பரம் செய்தவைதாமே. அந்த விளம்பரத்தையும் நான் ஏற்கவில்லை. வடிகட்டி தரைக்கு அடியில் இருக்கிறது. பக்கத்து இருக்கைக்காரர் விடும் மூச்சு அங்கே போய்ச் சேருவதற்கு முன்பு நம் மூக்கைத் தாண்டித்தான் போக வேண்டும். பக்கத்தில் ஒருவர் பீடி பற்றவைத்தால், எவ்வளவு பெரிய மின்விசிறி ஓடினாலும் முதல் புகை நமக்குத்தானே?

2003 மார்ச் 15-ல் ஹாங்காங்கிலிருந்து பெய்ஜிங்குக்குப் போன ஏர் சைனா 112 விமானத்தில் சார்ஸ் பாதித்த 72 வயது முதியவர் ஒருவர் இருந்தார். மூன்று மணி நேரப் பயணம், விமானத்தில் 120 பேர். 22 பேருக்கு நோய் வந்தது. அவருக்கு முன்னிருந்த மூன்று வரிசைகளில் 23 பேரில் 8 பேர் விழுந்தார்கள். ஏழு வரிசை தள்ளி இருந்தவர்களையும் நோய் விடவில்லை. 2020 மார்ச்சில் லண்டனிலிருந்து ஹனோய்க்குப் போன விமானத்தில், இருமிக்கொண்டிருந்த ஒரு பெண்ணோடு பிசினஸ் வகுப்பில் பயணித்த 12 பேருக்குக் கொரோனா வந்தது. விலையுயர்ந்த, விசாலமான இருக்கைகள் அவர்களைக் காக்கவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் 2020 அக்டோபரில் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் ஒரு கணக்கு வெளியிட்டது. 120 கோடிப் பயணிகளில் வெறும் 44 பேருக்குத்தான் விமானத்தில் தொற்றியதாம். யாரைப் பரிசோதித்து இந்த எண் வந்தது? வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் இருமியவரைத் தேடிப் போய் அவர் எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தார் என்று எந்த நாட்டில் கேட்டார்கள்? தேடாமல் விட்டதை இல்லை என்று எழுதியது பெரும் பொறுப்பின்மை.

நம் நாட்டிலும் அதே ஆண்டு நடந்ததை மறக்கக் கூடாது. உள்நாட்டு விமானங்கள் மே 25-ல் மீண்டும் பறக்கத் தொடங்கின. நடு இருக்கையைக் காலியாக விடுவதா என்று நீதிமன்றம் வரை வழக்குப் போனது. கடைசியில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், நடு இருக்கைக்காரருக்கு உடம்பைச் சுற்றி ஓர் அங்கி தரச் சொன்னது. முகத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் தகடும் வந்தது. மூச்சுக்காற்றில் மிதந்துவரும் நுண்துளிகள் அங்கியைத் தேடி வருவதில்லை, தகட்டின் ஓரங்களும் அவற்றைத் தடுப்பதில்லை. கொரோனா காற்றில் பரவாது என்று 2020 மார்ச்சில் அறிவித்த உலக சுகாதார நிறுவனம் அதைத் திருத்திக்கொள்ள ஓராண்டுக்கு மேல் எடுத்தது. அந்தத் தாமதத்தின் விலை இந்த அங்கிகளும் தகடுகளும். பயன் தந்த ஒன்று முகக்கவசம். 2022 நவம்பரில் அதன் கட்டாயத்தை அரசு விலக்கியதும் நாமும் தூக்கிப் போட்டுவிட்டோம்.

எப்போது, எப்படிக் காத்துக்கொள்வது என்பது இனி தெளிவாகவே தெரியும். காற்றோட்டம் மந்தமாக இருக்கும் நேரத்தில்தான் ஆபத்து அதிகம். விமானத்துக்கு அழைத்துப் போகும் நெரிசலான பஸ், ஏரோபிரிட்ஜில் நிற்கும் வரிசை, கதவு மூடியும் கிளம்பாமல் நிற்கும் நேரம், தரையிறங்கியதும் பெட்டியை எடுத்துக்கொண்டு நடைவழியில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நிற்கும் கால்மணி நேரம். முழுப் பயணமும் முகக்கவசம் போட முடியாதவர்கள் இந்த நேரங்களிலாவது போட வேண்டும். அது முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் என்95 ஆக இருக்கட்டும். கைக்குட்டையும் துப்பட்டாவும் உதவாது. தளர்வான அறுவைக் கவசம் ஓரளவுதான். எல்லோரும் கவசத்தைக் கழற்றிச் சாப்பிடும்போது, பக்கத்தவர் முடிக்கும்வரை பொறுத்து நீங்கள் சாப்பிடலாம். மேலே உள்ள துளையை மிதமாகத் திறந்து வையுங்கள். அதிலிருந்து வருவது வடிகட்டிய காற்றும் வெளிக்காற்றும் கலந்தது. குளிர்ந்தால் சால்வை போர்த்திக்கொள்ளுங்கள், மப்ளரும் கட்டுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை. வறட்சிக்குத் தண்ணீர் குடியுங்கள். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே ஃப்ளூ ஊசியும், குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசியும் போட்டாகிவிட்டதா என்று பாருங்கள். மூடிய அறையில் தட்டம்மை வைரஸ், நோயாளி போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் இருக்கும்.

இதுவரை சொன்னது நம்மைக் காத்துக்கொள்ள. நம்மால் பிறருக்கு வருவதும் உண்டு. காய்ச்சலோடு பாராசிட்டமால் ஒன்றை விழுங்கிவிட்டு விமானம் ஏறுகிறவர்கள் எத்தனை பேர்! டிக்கெட் பணம் போய்விடும், விடுமுறை முடிந்துவிடும், அண்ணன் மகள் கல்யாணம் காத்திருக்கிறது. அந்த நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் முன் வரிசையில் கீமோதெரபி முடித்து ஊர் திரும்பும் ஒருவர் இருக்கக்கூடும். தள்ளிப்போட முடியாத பயணம் என்றால் இருமுகிறவர் கவசத்தைக் கழற்றவே கூடாது.

மீதியை நிறுவனங்களும் இயக்குநரகமும் செய்ய வேண்டும். மருத்துவச் சான்றோடு வந்து தேதி மாற்றக் கேட்பவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. காற்றோட்டம் இல்லாமல் பயணிகளை 30 நிமிடத்துக்கு மேல் உள்ளே வைத்திருக்கக் கூடாது என்று, காசநோயும் விமானப் பயணமும் பற்றிய தன் வழிகாட்டுதலில் உலக சுகாதார நிறுவனம் எப்போதோ சொல்லிவிட்டது. எரிபொருளை மிச்சப்படுத்தத் துணை எஞ்சினை அணைத்துவிட்டுப் பயணிகளை உட்கார வைப்பதை இங்கே வெறும் வியர்வைப் பிரச்சினையாகத்தான் பார்க்கிறோம். அது நோய்ப் பிரச்சினை. ஆள் உள்ளே இருக்கும்வரை காற்று ஓட வேண்டும் என்பது கட்டாய விதியாக வேண்டும். அதுவரை, கதவு மூடி நெடுநேரமாகியும் காற்று வரவில்லை என்றால் பணியாளரை அழைத்துக் கேளுங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் கேளுங்கள், இறங்கிய பிறகு எழுத்திலும் புகார் கொடுங்கள்.