கடைசி பெஞ்ச்: அம்மா கையில் இருக்கு அல்காரிதம்!

'லெக்சரர் வேலையா? ஜாலிதான் மச்சி, ஒரு மணி நேரம் பேசிட்டு வந்தா போதும்' என்று சொல்லும் பார்ட்டியா நீங்கள்? ஒரே ஒரு செமஸ்டர் கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்துப் பாருங்க. தொண்டையோடு சேர்ந்து திமிரும் வத்திப் போகும்!

நான் முதன்முதலில் பாடம் எடுக்கப் போனது போடிநாயக்கனூரில். கௌரவ விரிவுரையாளர் வேலை, சி புரோகிராமிங் பேப்பர். வகுப்பில் பாதிப் பேர் தமிழ் மீடியம். பல பேரோட அம்மாக்கள் விடியற்காலையில் ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலக்காய் எடுக்கப் போகிறவர்கள்.

முதல் டெஸ்ட்டில் 'பபுள் சார்ட்' கேட்டேன். அத்தனை பேரும் கமா, செமிகோலன் மாறாமல் எழுதியிருந்தார்கள். ஆஹான்னு சந்தோஷப்பட்டேன். மறுநாள் லேபில், '10 எண் வேண்டாம், 12 எண்ணை வரிசைப்படுத்துங்க' என்றதும் மொத்த லேபும் கப்சிப்! மேட்டர் புரிந்தது. எல்லாம் மனப்பாடம்.

அப்போதுதான் ஒரு பழைய கம்ப்யூட்டரின் கதையைச் சொன்னேன். 1963-ல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 என்ற கம்ப்யூட்டர் வந்தது. அதுக்குக் கூட்டல் போடக்கூடத் தெரியாது. வாய்ப்பாட்டை மெமரியில் ஏற்றிவிட்டால், அதைப் பார்த்துத்தான் விடை சொல்லும். அதை வைத்துப் பாடம் நடத்தியவர்களில் ஒருவர், நம்ம ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி.ராஜாராமன். 1965-ல் அங்கே எம்.டெக். படிப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் நுழைந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 'மனப்பாடம் பண்ண மெஷினே இருக்கு. நீங்க எதுக்குப்பா?' என்றேன். சிரித்தார்கள்.

ஒருத்தன் மட்டும் சிரிக்கவில்லை. முதல் செமஸ்டரிலேயே மூணு அரியர். 'நின்னுடலாம்னு இருக்கேன் சார். வீட்டுக்கும் செலவு மிச்சம்' என்று ஏற்கெனவே சொல்லியிருந்தான். அம்மா ஏலக்காய் ஸ்டோரில் தரம் பிரிக்கிறவர். 'அம்மா எப்படிப்பா பிரிப்பாங்க?' என்று கேட்டேன்.

'சல்லடை சார். 8 மில்லிமீட்டர் சல்லடையில நிக்கிறது தனி ரகம். கீழ விழுந்தா 7 மில்லிமீட்டர் சல்லடை, அப்புறம் அடுத்தது. நீங்க சொல்ற மாதிரி ஒவ்வொரு காயையும் பக்கத்துக் காயோட அளந்துட்டிருந்தா ஸ்டோர்ல சம்பளம் தர மாட்டாங்க!'

வகுப்பே கைதட்டியது. போர்டில் கணக்குப் போட்டோம். 100 காயை பபுள் சார்ட்டில் போட்டால் 4,950 முறை ஒப்பிட வேண்டி வரலாம். 5 சல்லடை வைத்தால் அதிகபட்சம் 500 சோதனைதான். 'இதுக்குப் பேரு பக்கெட் சார்ட்' என்றேன். 'ஆனா சார், ஒரே சல்லடையில நிக்கிற காய்ல எது பெருசுன்னு தெரியாதே?' என்று முன்பெஞ்ச் பொண்ணு கேட்டாள். அங்கேதான் பபுள் சார்ட் மாதிரி ஒப்பிடுகிற முறை தேவைப்படுகிறது. ரெண்டுக்கும் வித்தியாசம் அன்றைக்கே விளங்கிவிட்டது.

அடுத்த வாரம் ஏல மையத்தை எடுத்துக்கொண்டோம். இப்போது கம்ப்யூட்டரில்தானே ஏலம் நடக்கிறது? புதுசாக வரும் விலை, கையிலிருக்கும் விலையைவிட அதிகமா? ஆமாம் என்றால் மாற்று. இல்லை என்றால் விடு. நாலே வரியில் புரோகிராம் ரெடி!

அந்தப் பையன் நிற்கவில்லை. சினிமா மாதிரி ராங்க் ஹோல்டரும் ஆகவில்லை. என் பேப்பரில் பாஸ். பழைய அரியரை ஒவ்வொன்றாக முடித்தான். அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

கம்ப்யூட்டர் வேற உலகத்துச் சமாச்சாரம், நம்ம வீட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை என்ற பயம்தான் நிறைய பேரைப் பாதியில் நிறுத்துகிறது. திருப்பூரில் பனியனை சைஸ்வாரியாக அடுக்குவதும், தபால் நிலையத்தில் பின்கோடு பார்த்துக் கடிதம் பிரிப்பதும் இதே கணக்குதான் பாஸ்!

லேபில் புரோகிராம் ஓடலையா? நோட்டை மூடுங்க. வீட்டுக்கு ஒரு போன் போட்டு, 'இதை நீ எப்படிம்மா பிரிப்பே?'ன்னு கேளுங்க.