ஏறிய பேருந்து இறங்கவும் வேண்டுமே!

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்குப் பேருந்தில் போயிருக்கிறீர்களா? 17 கொண்டை ஊசி வளைவுகள்! ஏலக்காய் மணத்தை எதிர்பார்த்து ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்கு டீசல் புகைதான் கிடைக்கும்.

இங்கே ஹைட்ரஜன் பேருந்து ஓடினால்? கற்பனையல்ல. 2023இல் லடாக்கின் லே நகருக்கு, சுமார் 11,500 அடி உயரத்தில், என்.டி.பி.சி. நிறுவனம் அத்தகைய பேருந்தைச் சோதனைக்குக் கொண்டுவந்தது. அதில் ஹைட்ரஜன் எரிவதில்லை. எரிபொருள் மின்கலத்தினுள் அது காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேரும்போது மின்சாரம் பிறக்கிறது. வெளியேறுவது நீர் மட்டுமே.

கைதட்டுமுன் ஒரு கணக்குப் போடுவோம். போடியிலிருந்து மெட்டுக்கு ஏற்றம் ஏறத்தாழ 1,000 மீட்டர். பயணிகளுடன் 15 டன் எடையுள்ள பேருந்தை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் 41 யூனிட் ஆற்றல் வேண்டும். (ஒரு யூனிட் 36 இலட்சம் ஜூல்; நீங்களே சரிபாருங்கள்.) ஒரு கிலோ ஹைட்ரஜனில் 33 யூனிட் உண்டு. மின்கலம் அதில் ஏறக்குறைய பாதியைத்தான் மின்சாரமாக்கும். ஆக, ஏற்றத்துக்கே இரண்டரை கிலோ செலவு.

இறங்கும்போது அந்த ஆற்றல் எங்கே போகிறது? அடிவாரத்தில் வண்டி நின்றதும் பிரேக் சூடேறிய வாடை வருகிறதே, அங்கேதான்! மோட்டாரையே ஜெனரேட்டராக்கி அதில் ஒரு பகுதியை மீட்கலாம். ஆனால் பேருந்திலுள்ள எரிபொருள் மின்கலம் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளாது, பாட்டரிதான் வாங்கும். தவிர, வளைவுக்கு வளைவு சுமை கூடிக் குறைந்தால் மின்கலத்திலுள்ள பிளாட்டினக் கிரியா ஊக்கி விரைவில் தேயும். அந்தத் தொல்லையையும் பாட்டரி தாங்கிக்கொள்ளும். ஆகவே மலைக்கான பேருந்தில் ஹைட்ரஜன் தொட்டியைப் பெரிதாக்குமுன் பாட்டரியைக் கவனியுங்கள் என்பது என் கட்சி.

“அப்படியானால் பாட்டரி மட்டுமே போதாதா?” என்று உங்களில் ஒருவர் கேட்பது காதில் விழுகிறது. நல்ல கேள்வி! 100 யூனிட் மின்சாரத்தால் நீரைப் பகுத்து, கிடைத்த ஹைட்ரஜனை அழுத்தி அடைத்து, மறுபடி மின்சாரமாக்கினால் சக்கரத்துக்குச் சேர்வது 30 யூனிட் அளவே. பாட்டரியில் ஏற்றினால் 70க்கு மேல். எனவே போடிக்கும் மூணாறுக்கும் இடையே போய்வர பாட்டரிப் பேருந்தே மேல். மதுரையில் கிளம்பி, மலை தாண்டிக் கொச்சி வரை போய், சில நிமிடங்களில் எரிபொருள் நிரப்பித் திரும்ப வேண்டிய வண்டிக்கு ஹைட்ரஜன் பொருந்தலாம்.

அந்த ஹைட்ரஜனும் இன்று உலகில் பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும்தான் தயாராகிறது. அதை நிரப்பினால் புகை இடம் மாறுமே தவிர, ஒழியாது. தேனிப் பக்கம் ஆனி, ஆடிக் காற்றில் சுழலும் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். மின்தொடர் ஏற்காத வேளையில் அவற்றின் மின்சாரத்தைக் கொண்டு நீரைப் பகுக்கலாம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் நீர், ஒரு குடத்துக்கும் குறைவுதான்.