பூக்களும் மதிற் கற்களும்

இளவேனில் பிறந்ததும் ஜேர்மனியின் டவுபர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பழமரங்கள் பூத்துக் குலுங்கும். வூர்ஸ்பேர்க்கிலிருந்து ஃபியூசன் வரை நீளும் 'ரொமான்டிக் வீதி'யில் உல்லாசப் பயணிகள் திரள்வர். அவர்களுள் பலரை ஈர்ப்பது ரொதென்பேர்க். மதிலும் கோபுரங்களும் சூழ்ந்த அந்நகரில் மத்திய காலம் அப்படியே உறைந்து நிற்பதாகத் தோன்றும்.

அத்தோற்றம் முழு உண்மையன்று. 1945 மார்ச் 31இல், இதே பருவத்தில், அமெரிக்க விமானங்களின் குண்டுவீச்சில் பழைய நகரின் சுமார் 40 வீதம் அழிந்தது. மதிலும் 700 மீற்றருக்கு மேல் இடிந்தது. உலகெங்குமிருந்து வந்த நன்கொடைகள் அதனை மீண்டும் எழுப்ப உதவின. கொடையாளர் பெயர் பொறித்த கற்களை மதில் நெடுகிலும் இன்றும் காணலாம்.

ஆகவே இது போலி நகரம் என்பாரும் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. இழந்ததை மீட்பது மோசடியன்று; இழந்த கதையை மறைப்பதே மோசடி.

மறைக்கத்தகாத கதை இன்னொன்றும் உண்டு. இந்நகரை முன்மாதிரி ஜேர்மன் நகரமென நாஜிகள் கொண்டாடினர். எஞ்சியிருந்த யூதர்கள் 1938 ஒக்டோபரில் இங்கிருந்து துரத்தப்பட்டனர். அன்றும் கோபுரங்கள் அழகாகத்தான் இருந்தன. அழகு எவருக்கும் ஏவல் செய்யும், நினைவு அவ்வாறன்று.

இளவேனிலில் அங்கு செல்வோர் கோட்டைப் பூங்காவின் பூக்களைப் படம் பிடிக்கட்டும். 1298இல் படுகொலையான யூதர்களின் நினைவுக்கல்லும் அதே பூங்காவில்தான் நிற்கிறது. அதன் முன்னும் சற்று நிற்கட்டும்.